பெட்டி நிறைய இடது கால்

போன வருடம் மே மாதம், அக்னி நட்சத்திரம் ஆரம்பித்திருந்த சமயம். ராணிப்பேட்டையில் என் பள்ளித் தோழிக்குக் கல்யாணம். அதற்காக ஜெர்மனியிலிருந்து ஒரு பெரிய பெட்டியோடு வந்து இறங்கினேன். அந்தப் பெட்டியால் நடந்த கூத்தை, எங்கள் தெருவுக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு வாய் மாறும்போதும் கொஞ்சம் மசாலா ஏறுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், காலணி இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாதிரி ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் கோணல், தோலில் கீறல், சோல் சரியாக ஒட்டவில்லை என்று குறை கண்டுபிடித்து மெயில் போட வேண்டும். குறை சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டபோது என் அம்மா, "இத்தினி வருஷமா நானும் அதத்தான செய்யறேன், எனக்கு எவன் குடுத்தான்?" என்றாள்.

வெளிநாட்டில் தனியாக இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சும்மா உட்கார்ந்தால் குற்ற உணர்ச்சி வந்துவிடும். சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும், நாலு பேருக்கு உதவ வேண்டும், பக்கத்து நாடுகளை எல்லாம் பார்த்துவிட வேண்டும். மூன்றையும் நான் ஒரே சமயத்தில் செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில், உடைந்த சாமான்களை இலவசமாகப் பழுது பார்த்துத் தரும் ஒரு கூடத்தில் தொண்டு. பை, செருப்பு, ஜிப்பு எல்லாம் என் பொறுப்பு. ஒரு சனிக்கிழமை ஒரு வயதான அம்மாளின் கைப்பையைத் தைத்துக்கொண்டிருந்தவள், பிராக் நகரத்துக்கு ரயில் பிடிக்கும் அவசரத்தில் அதையும் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிவிட்டேன். பை என்னோடு பிராக் பார்த்துவிட்டு வந்தது. நான் பிராக் பார்க்கவில்லை. அங்கே ஓட்டல் அறையில் உட்கார்ந்து, என் சொந்தத் திட்டமான வலைத்தளத்துக்கு என்ன நிறம் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எதற்கான வலைத்தளம் என்பது அப்போது முடிவாகவில்லை.

இந்த நிலைமையில்தான் தோழி போன் செய்தாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது.

"எங்கப்பா கடை கடையா சண்ட போட்டுட்டு வர்றாருடி. ஒரே பேஜாரு."

அவள் அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கலவைக்கும் திமிரிக்கும் ஓடும் பஸ்ஸில் அவர் குரல் கேட்டால், படியில் தொங்குபவர்கள் எல்லாம் தானாக உள்ளே போய்விடுவார்கள். நான் ஜெர்மனி போன பிறகு அவருக்குச் சர்க்கரைப் புண் வந்து, ஆறாமல், ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊன்றுகோல்தான்.

சண்டை எதற்கு என்றால், ஷூவுக்கு. கல்யாணத்தன்று மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தேவாலய வாசலிலிருந்து பீடம் வரை அவர் நடக்க வேண்டும். ஒரு நாள் சும்மா நடந்து பார்த்திருக்கிறார். ஆலயத்தில் வழவழவென்று புதுத் தரை போட்டிருக்கிறார்கள். காலில் இருந்த செருப்பு வழுக்கி, கீழே விழப் பார்த்தார். நல்ல பிடிமானமுள்ள ஷூ இல்லாமல் நடக்க விடமாட்டேன் என்று தோழியின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஷூ கிடைக்காவிட்டால், மகளைத் தாய்மாமன் அழைத்துப் போவார். மாமா முன் வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

"ஜோடியா வாங்கி ஒண்ண வச்சிக்க வேண்டியதுதான?" என்று கேட்டேன்.

"அதான் மாட்டேங்கறாரு. ஒரு ஆளுக்கு எவனாவது ரெண்டு டிக்கெட் வாங்குவானான்னு கேக்கறாரு. ஒத்த ஷூ குடுன்னு போய் நிக்கறாரு. கடைக்காரரு, மீதிய நான் யாருக்கு விக்கறதுன்னு கேட்டா, அது உன் பாடுன்றாரு."

கேட்டவுடன் எனக்கு ஒரே குஷி. ஷூவை நான் கொண்டுவருகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஏனென்றால் ஒற்றை ஷூவுக்கு எங்கள் ஆபீஸில் பஞ்சமே இல்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாதிரி சரி என்று முடிவானதும் ஜோடியைப் பிரித்துவிடுவோம். ஒரு கால் எங்களிடம், ஒரு கால் தொழிற்சாலையில். பிறகு சரக்கு வரும்போது இரண்டு பக்கமும் அவரவரிடம் உள்ளதை வைத்துச் சரிபார்க்கலாம். எங்கள் ஆபீஸுக்கு வருவது எப்போதும் இடது கால். மாதிரிகள் எல்லாமே ஒரே அளவு, நம் ஊர்க் கணக்கில் எட்டாம் நம்பர். மாமாவுக்கும் எட்டு. பருவம் முடிந்ததும் ஆபீஸில் அவ்வளவையும் குப்பைக்கு அனுப்பிவிடுவார்கள்.

கல்யாணத்துக்குப் போவதால் பயணம். மாமாவுக்கு ஷூ கொடுப்பதால் தொண்டு. ஒற்றைக் கால்காரர்களுக்கு ஒற்றை மாதிரி ஷூக்களைக் கொண்டு சேர்க்கும் வலைத்தளம் என்று சொந்தத் திட்டத்துக்கும் ஒரு அர்த்தம் கிடைத்துவிட்டது. மூன்றும் ஒரே பெட்டியில் அடங்கிய சந்தோஷத்தில் அன்று தூக்கம் வரவில்லை. வலைத்தளத்துக்கு ஒரு சின்னம்கூட வரைந்துவிட்டேன், சிறகு முளைத்த ஒற்றை ஷூ.

ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. மாமாவுக்கு இருப்பது எந்தக் கால்?

இதை எப்படிக் கேட்பது? "மாமா, உங்களுக்கு எந்தக் கால் போச்சு?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தோழியிடம் கேட்கலாம். ஆனால் அந்த ஆபரேஷன் நடந்த சமயத்தில் போனில் அவள் அழுத அழுகை எனக்கு நினைவிருந்தது. கல்யாணப் பெண்ணை மறுபடி அழ வைப்பானேன்? நாகரிகமாக நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

கண்டுபிடிக்க வழியும் இருந்தது. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டில் பீரோ கண்ணாடி முன்னால் நின்று மாமா தானே எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, இடது கால்தான் இருந்தது. கோட்டின் மேல் பாக்கெட் வலது நெஞ்சில் இருந்தது. டெய்லர் மாற்றித் தைத்துவிட்டார் போல, பாவம் மாமா கவனிக்கவில்லை என்று சிரித்துக்கொண்டேன். ஊருக்குப் போனதும் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். இடது வலது பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் நான்.

மேலதிகாரியிடம் கேட்டேன். முடிந்துபோன மாதிரிகளை எல்லாம் தாராளமாக எடுத்துக்கொள், எங்களுக்குக் குப்பைச் செலவு மிச்சம் என்றார். மாமா லேசில் திருப்தி அடைகிற ஆளில்லை. அதனால் பெட்டி கொள்கிற மட்டும் அடுக்கினேன். கறுப்பு, பழுப்பு, லேஸ் வைத்தது, லேஸ் இல்லாதது. சாக்லேட்டுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அடியில் கையை விட்டுத் துழாவினார்.

"இன்னாம்மா இது, எல்லாமே லெஃப்ட்டா இருக்குது?"

"ஆமா சார். ஒரு கால் இல்லாதவருக்குக் கொண்டுபோறேன்."

அவர் முகம் அப்படியே இளகிவிட்டது. பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியை மூடி, ஜிப்பையும் இழுத்துவிட்டு, நல்லா இரும்மா என்று அனுப்பினார்கள். கண்ணில் நீர் முட்ட வெளியே வந்தேன். நான் எவ்வளவு நல்லவள் என்று எனக்கே தோன்றிய கடைசி நேரம் அதுதான்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம், பெட்டியை இழுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனேன். கூடம் நிறைய உறவுக்காரர்கள். மாமா எழுந்து நின்று வரவேற்றார். வேட்டி கட்டியிருந்தார். நான் மறந்தும் கீழே பார்க்கவில்லை. பார்த்தால் அவர் மனசு நோகும் அல்லவா? அவர் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசினேன். கழுத்து வலிக்கிற அளவுக்கு நாகரிகமாக இருந்தேன்.

பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்தேன். ஷூ வந்துவிட்டது என்று சொன்னதும் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள். இரண்டு மூன்று பேர் போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். மாமாவை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, இருப்பதிலேயே பளபளப்பான கறுப்பு ஷூ ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் மண்டியிட்டேன். அவர் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலை நீட்டினார். நான் ஷூவை மாட்டினேன். போகவில்லை. லேஸைத் தளர்த்திவிட்டு மறுபடி மாட்டினேன். பெருவிரல் போக வேண்டிய பக்கத்தில் சுண்டுவிரல் இருந்தது.

"யம்மா," என்றார் மாமா மெதுவாக. "இது லெஃப்ட்டு."

"ஆமா மாமா."

"நான் ரைட்டும்மா."

தலையைத் தூக்கினேன். சுவரில் ஆணியில் அவருடைய கோட்டு தொங்கியது. மேல் பாக்கெட் இடது நெஞ்சில், இருக்க வேண்டிய இடத்தில், சரியாக இருந்தது. அப்போதுதான் அந்தப் பீரோ கண்ணாடி எனக்கு உறைத்தது. டெய்லரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குள் ஒருவர் பெட்டியில் வேறு ஏதாவது தேறுமா என்று பார்க்கத் தொடங்கியிருந்தார். எடுத்து எடுத்து வைத்தார். "லெஃப்ட்டு... இதுவும் லெஃப்ட்டு... அட, இதுவும்." யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரிக்க, கூடமே சிரித்தது. மணப்பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தை மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பரணைக் காட்டினார்.

"இவரு பழைய செருப்புல லெஃப்ட்ட ஒண்ணக்கூடத் தூக்கிப் போட உட மாட்டேங்கறாரு, எல்லாம் மேல குமிஞ்சி கெடக்குது. அது பத்தலன்னு நீ ப்ளேன்ல ஏத்திட்டு வந்திருக்கியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. விளையாட்டில்லை, நிஜமாகவே தேம்பினேன். நாளை மறுநாள் கல்யாணம். ஷூ வருகிறது, ஜெர்மனியிலிருந்து வருகிறது என்று மாமா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பிக் கடைகளில் தேடுவதையும் நிறுத்தியிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு ஜெர்மனியிலேயே இருந்திருந்தால், இதற்குள் எப்படியாவது ஒன்று கிடைத்திருக்கும்.

"ஏம்மா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே," என்றார் மாமா.

"கேட்டா கஷ்டப்படுவீங்கன்னு மாமா..."

"போனது காலு. வாய் அப்படியேதான இருக்குது? கேட்டா சொல்லியிருப்பேன்." என் கையிலிருந்த ஷூவை வாங்கிக் கீழே வைத்தார். "ஊர்ல எல்லாரும் இப்படித்தாம்மா. காலப் பாக்கக் கூடாதுன்னு மூஞ்சியவே பாக்கறாங்க. கண்டக்டரா இருந்தப்ப ஒருத்தன் என் மூஞ்சியப் பாக்கல, சில்லறையத்தான் பாத்தானுங்க. இப்ப எல்லாரும் பாக்கறாங்க, எனக்கே வெக்கமா இருக்குது."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அத்தை ஷூக்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் எறிந்துகொண்டே கேட்டார்.

"அது சரி, இதுங்களோட ரைட்டெல்லாம் எங்க குடித்தனம் பண்ணுது?"

"ஆம்பூர்ல அத்தை," என்று மூக்கை உறிஞ்சினேன்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். அத்தையும் எறிவதை நிறுத்தினார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மாமாவுக்குத் தேவையான ஷூ, அவர் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்தில், இவ்வளவு காலமாக ஒரு அலமாரியில் உட்கார்ந்திருந்தது. நான் அதன் ஜோடியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்திருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கல்யாண வீட்டுக் கார்கள் எல்லாம் ஆளுக்கொரு வேலையாகப் போய்விட்டன. பஸ்ஸில் போவோம் என்றார் மாமா. தானும் வந்தே தீருவேன் என்றார். அளவு பார்க்காமல் வாங்கி வந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் வீட்டில் ஒரு பெட்டி சாட்சி இருக்கிறதே. அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். தொழிற்சாலையில் காட்டிக் கேட்டால்தான் அதே மாதிரியை எடுத்துத் தருவார்கள்.

பஸ்ஸில் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார் கண்டக்டர். மாமா விடவில்லை. "தம்பி, உள்ள இருக்கறது எல்லாம் ஒத்த காலு. முழுசா ஒரு ஜோடி இருந்தா காட்டு, டிக்கெட் எடுக்கறேன்." அவர் யார் என்று தெரிந்ததும் கண்டக்டர் முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். வேலூர் தாண்டும் வரை மாமாதான் அந்த பஸ்ஸை ஓட்டினார் என்று சொல்ல வேண்டும். உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி எடம் இருக்குது பாரு என்று ஒரே அதட்டல். நடுவில் என்னிடம் திரும்பி, "ஆயுசு பூரா 'ரைட், ரைட்'னே கத்தனேன் இல்ல, அதான் ஆண்டவன் ரைட்ட மட்டும் வுட்டு வச்சிருக்கான்," என்றார். பக்கத்து சீட்டுக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சத்தமாகவே சிரித்தேன். முதல்முறையாக அன்றுதான் அவர் காலைக் கூச்சமில்லாமல் நேராகப் பார்த்தேன்.

ஆம்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தொழிற்சாலைக்குப் போனபோது, மாதிரி அறைப் பொறுப்பாளர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். காத்திருந்தோம். அவரை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் நன்றாகத் தெரியும். எத்தனையோ தடவை அவர் அனுப்பிய மாதிரிகளை மறுத்து மெயில் போட்டவள் நான்தான்.

அவர் வந்தார். வெள்ளைத் தாடி, தொப்பி, சட்டைப் பையில் அளவு நாடா. நான் யார் என்று சொன்னதும் உட்காரச் சொல்லி, டீ கொண்டுவரச் சொன்னார். மாமாவுக்குச் சர்க்கரை இல்லாமல் என்று நான் சொல்ல, மாமா என்னை முறைத்தார். நான் கதையை முழுதும் சொல்லி முடித்தேன். பொறுப்பாளர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"ரொம்ப கஷ்டமா இருக்குது மேடம். குடுக்கணும்னுதான் ஆசை. ஆனா சாம்பிள் வெளிய போகக் கூடாதுன்னு ஆர்டர் இருக்குதே."

"யார் சார் போட்டது?"

"நீங்கதான் மேடம்."

அவர் சொன்னது உண்மை. ஒருமுறை அலமாரியில் ஒரு மாதிரி காணாமல் போய்ப் பெரிய குழப்பம் ஆனபோது, நான்தான் கோபமாக ஒரு மெயில் போட்டிருந்தேன். அதை அவர் மனப்பாடமாக ஒப்பித்தார். "நோ சாம்பிள் ஷல் லீவ் தி ரூம் வித்தவுட் ரீப்ளேஸ்மென்ட். எங்க பசங்க எல்லாம் அத சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க." வெளியே போவதானால் அதே மாடலில் மாற்று வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

"மாற்றா?" என்றேன். பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்துத் திறந்தேன். "ஒவ்வொரு மாடலுக்கும் மாற்று இருக்கு சார். கால் மட்டும்தான் வேற. சரிபார்க்க எந்தக் கால் இருந்தா என்ன?"

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாக ஒரு சிரிப்பு தாடிக்குள்ளிருந்து வெளியே வந்தது. நல்ல சிரிப்பு என்று முதலில் நினைத்துவிட்டேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விளக்கைப் போட்டார். நான் கொண்டுவந்த ஷூ ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், டோவுல ஸ்க்ராட்ச் இருக்குது. ரிஜெக்ட்."

அடுத்தது. "ஷேடு கம்மி. வெயில்ல வச்சிருந்தீங்களா? ரிஜெக்ட்." அடுத்தது. "ஹீல்ல கறை. ஸாரி மேடம், நாட் அக்செப்டபிள்." எல்லாம் என் வார்த்தைகள். நான் எத்தனை மெயிலில் எழுதியிருப்பேனோ, அத்தனையும் வட்டியோடு திரும்பி வந்தது. தலையை ஆட்டிக்கொண்டு, சரி சார், சரி சார் என்றேன். மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "நல்லாப் பாருங்க பாய், அவசரமில்ல, கல்யாணம் நாளைக்கி சாயந்தரம்தான்," என்று எடுத்துக் கொடுத்தார்.

மனசு ஆறியதும் பொறுப்பாளர் ஏழெட்டை ஏற்றுக்கொண்டார். அலமாரியிலிருந்து அவற்றின் வலது கால்களை எடுத்து மாமா முன்னால் வரிசையாக வைத்தார். இப்போது மாமாவின் முறை. ஒன்று கடிக்கிறது. ஒன்று தொளதொளவென்று இருக்கிறது. ஒன்று ரொம்ப மினுக்குகிறது, மாப்பிள்ளை நானா அவனா என்று சந்தேகம் வந்துவிடும். பிறகு தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். பொறுப்பாளர் தானே தெளித்தார். ஈரத்தில் ஒவ்வொரு ஷூவாகப் போட்டு, ஊன்றுகோலை ஊன்றி நடந்து பார்த்தார். நானும் பொறுப்பாளரும் இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு கூடவே நடந்தோம். இரண்டு ஷூ வழுக்கியது. இரண்டு முறையும் எங்கள் மூன்று பேருக்கும் உயிர் போய் வந்தது.

கடைசியில் ஒன்று நின்றது. கனமான கறுப்பு ஷூ, அடியில் தடித்த ரப்பர் சோல். மாமா குதிக்காத குறைதான். எனக்கு அந்த மாடலை நன்றாக ஞாபகம் இருந்தது. தையலெல்லாம் சரி என்று ஜோடியைப் பிரித்த பிறகு, சோல் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறது, எங்கள் வாடிக்கையாளர்கள் விரும்பமாட்டார்கள் என்று நான் எழுதி, ஆர்டர் ஆகாமலே நின்றுபோன மாடல். உலகத்தில் அந்த மாடலில் இருப்பதே அந்த ஒரு ஜோடிதான். பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். "இது எங்க கையால செஞ்சது மேடம். ரிஜெக்ட் ஆனப்ப ரெண்டு நாளு மனசே சரியில்ல," என்றார். என்னிடமிருந்த இடது காலை வாங்கித் துடைத்து, அலமாரியில் அந்தக் காலி இடத்தில் வைத்தார். மாமாவின் கையைப் பிடித்து, "பொண்ணு நல்லா இருக்கும், போய்ட்டு வாங்க," என்றார்.

மறுநாள் சாயங்காலம் ஆலயம் நிறைந்திருந்தது. நான் நடு வரிசை ஒன்றில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்து திரும்பினோம். மாமா கோட்டு போட்டுக்கொண்டு, இடது பக்கம் ஊன்றுகோலோடும் வலது பக்கம் மகளோடும் வாசலில் நின்றார். அந்த மே மாத வெயிலில் அத்தனை கனமான துணியில் கோட்டு தைத்தது வேண்டுமானால் டெய்லரின் தப்பாக இருக்கலாம். முகமெல்லாம் வியர்வை. அத்தை முன் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தாய்மாமன், எதற்கும் இருக்கட்டும் என்று நடுவழியில் தயாராக நின்றார்.

ஒவ்வொரு அடியாக வந்தார். எல்லோரும் வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக என் வரிசைக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டார். அத்தை கண்ணைத் திறந்துவிட்டார். தாய்மாமன் ஓடி வந்தார். மாமா ஒன்றும் ஆகாதவர் போல என் பக்கம் திரும்பி, கலவை பஸ்ஸில் கடைசி சீட் வரைக்கும் கேட்கிற அந்தக் குரலில், "நல்லா புடிக்குதும்மா!" என்றார்.

ஆயர் உள்பட அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். மணப்பெண் சிரித்த சிரிப்பில் கண் மை கலைந்துவிட்டது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியாது. வீடியோவில் பார்த்தால் இரண்டும் தெரிகிறது. மாமா மீதி தூரத்தையும் நடந்து போய், மகளை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு, தனக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்காராமல் ஆராதனை முடியும் வரை நின்றார்.

இப்போதும் எனக்கு மூன்று வேலையும் இருக்கிறது. ஊர் சுற்றல் பாதியில்தான் நிற்கிறது. வலைத்தளத்தில் அந்தச் சின்னத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் சனிக்கிழமை கூடத்தில் என் பழக்கம் மாறிவிட்டது. யாராவது தயங்கித் தயங்கி ஒரு பையையோ செருப்பையோ கொண்டுவந்து வைத்தால், அவர்கள் மனசு நோகுமே என்று நானாக எதையும் ஊகித்துக்கொள்வதில்லை. நேராகப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூச்சத்தைத்தான் அன்பென்று நினைத்து, கேட்காமலே ஒருவருக்குப் பெட்டி நிறைய உதவியைச் சுமந்துகொண்டு போனவள் நான்.